தனி இருக்கை



ஆசிரியர் நினைவுப் பேருரைக்கு இதுவரை நிலம், கல்வி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தலித் கவிதை என்றுதான் தலைப்பு வைத்து வந்திருக்கிறோம். இந்த ஆண்டு தனியாகச் சினிமாவுக்குப் போவதைப் பற்றி என்றதும் அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். "பேருரைன்னு போட்டுட்டு இதையா பேசப் போறிய?" என்று ஓர் அண்ணாச்சி போனிலேயே கேட்டுவிட்டார். ஆசிரியரோடு பழகியவர்கள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துத் தென்காசிக்கு வருவார், ஒரே ஒரு டிக்கெட் எடுப்பார், படம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புவார். யாரையும் கூட்டிப்போக மாட்டார். கஞ்சன் என்று அவரைப் பேசியவர்களும் உண்டு. அந்த ஒற்றை டிக்கெட்டுக்கு நம் ஊர்ப் பக்கத்தில் என்ன விலை என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதை ஒரே ஆள் எழுதவில்லை. சுரண்டை, பாவூர்சத்திரம், கடையம், செங்கோட்டை என்று ஆளுக்கொரு பக்கமிருந்து வந்த நாங்கள் ஆறு பேர், நாலு ஆண்களும் இரண்டு பெண்களும், மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி எழுதியது. தனியாகப் போவதைப் பற்றிக் கூட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டால், ஆமாம், நம் வழக்கம் அப்படித்தான் இருக்கிறது. அந்த வழக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

நம் தெருக்களிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் எப்போதும் கூட்டமாகவே போனார்கள். பத்துப் பேர், பதினைந்து பேர். ஜாலிக்காக என்று இப்போது தோன்றும். திரும்பி வரும் வழிதான் காரணம். இரண்டாம் ஆட்டம் விடும்போது நடுச்சாமம் தாண்டிவிடும், கடைசி பஸ் போயிருக்கும். நாலைந்து மைல் நடக்க வேண்டும். வழியில் ஊர்த்தெரு. திண்ணையில் படுத்திருப்பவர் தலையைத் தூக்கி "யாருலே அது?" என்பார். தனியாக வருபவன் நின்று அப்பன் பேர், தெருப் பேர் எல்லாம் சொல்லவேண்டும். நல்ல சட்டை போட்டிருந்தால் அதற்கும் பதில் சொல்லவேண்டும். செருப்பு கையில் இருக்கவேண்டும். பதினைந்து பேர் சேர்ந்து வந்தால் அந்தக் கேள்வி பாதியிலேயே நின்றுவிடும். 'அசுரன்' படத்தில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அந்தப் பெண்ணின் தலையிலேயே செருப்பை ஏற்றி நடக்கவைப்பார்கள். 2019இல் அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ரொம்ப மிகை என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பாதையில் நடந்ததில்லை.

'கர்ணன்' வந்தபோதும் இப்படித்தான். ஒரு ஊருக்குப் பஸ் நிற்காமல் போவது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டார்கள். பஸ் நிற்காத ஊருக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் சினிமாவும்தான். 2021 ஏப்ரல் 9 அன்று அந்தப் படம் வந்தது. மறுநாளே கொரோனாவால் தியேட்டரில் பாதி இருக்கைதான் என்று ஆகிவிட்டது. ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டு. கூட்டமாகப் போய்ப் பழகிய நம் பையன்கள் முதல்முறையாக ஆளுக்கொரு மூலையில் பிரிந்து உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்தார்கள்.

இங்கிருந்து மூன்று மைலில் குற்றாலம். அங்கே சித்திர சபை இருக்கிறது. சிவனுக்கு ஐந்து சபைகள் என்பார்கள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். இங்கே ஆடுபவர் சுவரில் எழுதிய படமாக இருக்கிறார். படம் பார்ப்பதற்கென்றே ஒரு மண்டபம் நம் பக்கத்தில் நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. அதற்குள் நம்மை விட்டதில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டவர்கள் நுழைந்ததே 1939 ஜூலை 8 அன்றுதான். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபர் 31. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாமிப் படம் இருந்த சபைக்கு முன்னாலேயே சினிமாப் படம் ஓடிய கொட்டகை நமக்குத் திறந்துவிட்டது. அதற்குச் சீர்திருத்தம் ஏதும் காரணமில்லை, காசுதான் காரணம்.

இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி இதை வெகு காலம் முன்பே கவனித்து எழுதியிருக்கிறார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, அங்கே உட்காரும் இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கொடுக்கும் காசு என்பது அவர் சொன்னதன் சாரம். நாங்கள் இதை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறோம். மிச்சக் கால்வாசி தரை டிக்கெட்டில் இருக்கிறது. தரைக்குக் காசு குறைவு. கையில் காசு குறைந்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே தரையில் யார், பெஞ்சில் யார், சேரில் யார் என்பதைப் பிறப்புதான் சுற்றி வளைத்துத் தீர்மானித்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. பெஞ்சுக்கு உண்டான காசைக் கொடுத்தால் பெஞ்சு கிடைத்தது. கோயிலில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கொடிமரத்தைத் தாண்ட முடியாது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வந்தது. திரையில் நந்தன் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போகிறான். அதைத் தரையில் உட்கார்ந்து பார்த்த நம் ஆட்கள் சில அணாக்களைக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்திருந்தார்கள். இதைப் பற்றி யாராவது ஒரு நல்ல கதை எழுதலாம். இளைஞர்கள் காதில் போட்டுக்கொள்ளவும்.

இந்தக் கதவைக் காசின் பொறுப்பிலேயே விட்டுவிடக் கூடாது என்று பாபாசாகேப் நினைத்ததில் ஆச்சரியமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவைத் திறந்து பாருங்கள். கடை, உணவகம், தங்கும் விடுதி என்று சொல்லிக்கொண்டே வந்து, பொதுக் கேளிக்கை இடங்களுக்குள் நுழைவதையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கிணறு, குளம், படித்துறை எல்லாம் அதற்கு அடுத்த வரியில்தான் வருகின்றன. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டமும் அதைத் திரும்பச் சொல்லித் தண்டனையும் வைத்தது. வேடிக்கை பார்ப்பதும் உரிமை என்று ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி தியேட்டரில் 'பத்து தல' பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தைக் கையில் டிக்கெட் இருந்தும் வாசலில் நிறுத்தினார்கள். அந்தக் காட்சியை நாமெல்லாம் போனில் பார்த்தோம். சின்னப் பிள்ளைகள் இருந்ததால், படத்தின் தணிக்கைச் சான்றிதழ்படி நிறுத்தினோம் என்று நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. பிறகு உள்ளே விட்டார்கள். எங்களுக்கு அந்த விளக்கத்தைவிட, பக்கத்தில் நின்று குரல் கொடுத்த மற்ற ரசிகர்கள்தான் முக்கியமாகப் பட்டார்கள். அவர்கள் பேசாமல் போயிருந்தால் அந்தக் கதவு அன்றைக்குத் திறந்திருக்குமா?

இருட்டுக்கு வருவோம். விளக்கு அணைந்ததும் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. நம்மவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் கிடைத்த மிகப் பெரிய சுகம் அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். எம்.ஜி.ஆர். பண்ணையாரை அடிக்கும்போது தரையிலிருந்து எழுந்த விசிலுக்கு ஊரும் கிடையாது, தெருவும் கிடையாது. பகலில் அந்தப் பண்ணையாரைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டியவர் இருட்டில் அவருக்கு விழும் அடிக்குக் கை தட்டினார்.

குற்றாலத்துப் பேரருவியில் சீசன் நேரத்தில் நிற்கும்போதும் இப்படித்தான். தண்ணீர் தலையில் விழும் வேகத்தில் கண்ணைத் திறக்க முடியாது, யார் தோள் யார் மேல் இடிக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. வெளியே வந்து துவட்டிக்கொண்டு தங்கப்போகும்போதுதான் இந்தச் சமூகத்தார் சத்திரம், அந்தச் சமூகத்தார் மடம் என்று போர்டுகள் கண்ணில் படும். சாரல் காலத்தில் காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு தென்காசிக்கு வந்து மாட்டினி பார்ப்பது எங்கள் அப்பாக்கள் காலத்தில் ஒரு முழுநாள் சுதந்திரம். ஒரே நாளில் ஆள் தெரியாத இடம் இரண்டு. (குற்றாலம் என்றால் ரசிகமணி டி.கே.சி. வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து பேசிய இலக்கியத்தைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். மாட்டினிக்கு ஓடிய ஈரத் துண்டுக்காரர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.)

அந்த இருட்டு தொண்ணூறுகளில் கெட்டுப்போனது. 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. நன்றாக எடுத்த படம், நடிப்பும் இசையும் இன்றைக்கும் நிற்கின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படம் ஓடிய தியேட்டரில் விசிலுக்குத் தெரு முளைத்துவிட்டது. எந்த வரிசையிலிருந்து எந்த இடத்தில் விசில் வருகிறது என்பதை வைத்து இருட்டிலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. நம்மவர்கள் அன்றைக்கும் கூட்டமாகத்தான் போயிருந்தார்கள். கூட்டமாகவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களில் மூத்தவர் சொன்னார்: "படம் புடிச்சிருந்துச்சு. கை தட்டத்தான் வரல." அதற்குப் பிறகு 1995இல் கொடியங்குளம், 1999இல் தாமிரபரணி. அந்த ஆண்டுகளில் சினிமாவுக்குப் போவதையே விட்டவர்கள் நம் தெருக்களில் உண்டு. பஸ்ஸில் போய்த் திரும்புவதே உயிருக்குக் கணக்குப் பார்த்துச் செய்யவேண்டிய காரியமாக இருந்தது.

2012இல் 'அட்டகத்தி'. 2014இல் 'மெட்ராஸ்'. நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம் திரைக்குள் இருக்கும் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்தது. 'கபாலி', 'காலா' வந்தபோது கூட்டமாகப் போய்க் கத்தினோம். அது வேண்டியிருந்தது. இதையெல்லாம் இந்த மேடையில் பல முறை பேசிவிட்டோம், விரிக்க வேண்டாம்.

2018 செப்டம்பர் 28 அன்று வந்த 'பரியேறும் பெருமாள்' வேறு விதம். நம் மாவட்டம், நம் பேச்சு, நம் சட்டக் கல்லூரி. தென்காசி தனி மாவட்டம் ஆனது மறு ஆண்டு நவம்பரில். அப்போது நாமும் திருநெல்வேலிதான். எங்களில் ஒருவர் அந்தப் படத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குத் தனியாகப் போனார். அன்றைக்கு வேலை இல்லை, கூட வர ஆளும் இல்லை, அவ்வளவுதான். அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

யோகிபாபு பேசும்போது எல்லாரும் சிரித்தார்கள். கருப்பி தண்டவாளத்தில் கிடந்தபோது எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நாய்க்கு இரங்க எல்லாருக்கும் முடிந்தது. பிறகு பரியனின் அப்பா வருகிறார், பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர். அவர் நடையைக் கண்டதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அப்படி நடப்பவரைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று தமிழ் சினிமா ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அப்புறம் அந்த மனிதரின் வேட்டியை உருவி ரோட்டில் ஓட விடுகிறார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நம் ஆள் அழுதுவிட்டார். கூட்டத்தோடு போயிருந்தால் அழுதிருக்கமாட்டேன், பையன்கள் பார்ப்பார்களே என்று இருந்திருக்கும் என்றார்.

அதற்கு முன்னால் இடைவேளையில் நடந்ததுதான் எங்களை ரொம்ப நேரம் பேச வைத்தது. விளக்குப் போட்டதும் பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். ஊரைச் சொன்னார். "ஊருல எந்தத் தெரு?" வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரண விசாரிப்பாகத் தெரியும். நம் பக்கத்தில் சாதியைக் கேட்க இதைவிட நாசூக்கான வழி கிடையாது. கூட்டமாகப் போனால் இந்தக் கேள்வி வராது. தனியாகப் போனவனிடம்தான் வரும். திரையில் இவ்வளவு நேரம் அதே கேள்வியை ஒரு பையன் வாங்கிக்கொண்டிருந்தான், கேட்டவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தெருப்பேரைச் சொன்னார். அவர் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார். எழுந்து வேறு சீட்டுக்குப் போகவில்லை. வேறு எதுவும் பேசவுமில்லை. கடைசியில் இரண்டு டீ கிளாசும் நடுவில் ஒரு பூவும் திரையில் நின்றபோது இரண்டு பேரும் ஒரே கைப்பிடியில் கை வைத்திருந்தார்கள்.

எங்களில் சிலர் இதை நல்ல முடிவு என்றார்கள். சிலர், அந்த ஆள் கை வைத்திருந்ததற்கு இடம் நெருக்கடிதான் காரணம் என்றார்கள். நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பாபாசாகேப் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசும்போது, இந்த வரைவு கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்றார். அதை நாம் படித்திருக்கிறோம், மேடையில் சொல்கிறோம். ஆனால் நம் பக்கத்தில் தனிமனிதர் என்று ஒருவர் நடமாட முடிகிறதா? ஊர், தெரு, யார் மகன் என்று மூன்று கேள்வியில் ஆளைக் கூட்டத்துக்குள் திருப்பித் தள்ளிவிடுகிறார்கள். நாமும் பாதுகாப்புக்காகக் கூட்டத்துக்குள்ளேயே நின்றுகொள்கிறோம். ஆசிரியர் ஒரு டிக்கெட் கேட்டபோது ஓர் ஆளாக, தனியாக, ஒரு கலையைப் பார்த்து மனசுக்குள் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கேட்டார் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அவர் இதை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. "கூட ஆள் இருந்தா நொச்சு நொச்சுன்னு பேசுவாங்கப்பா" என்றுதான் சொல்வார்.

இருக்கை என்றதும் 'மாமன்னன்' ஞாபகம் வரும். 2023 ஜூன் 29 அன்று வந்தது. தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஒருவர், சொந்தக் கட்சி ஆளின் முன்னால் உட்காராமல் நிற்கிறார். மகன் அவரை உட்காரச் சொல்கிறான். முழுப் படமும் அந்த ஒரு நாற்காலியைச் சுற்றி நடக்கிறது. பல தேர்தல்களாகத் தனித்தொகுதியாக இருக்கிற தென்காசியில் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை வேண்டாம். அந்தப் படத்தின் பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் மேடையில் இருக்கும்போதே, 'தேவர் மகன்' தனக்குத் தந்த வலியை மாரி செல்வராஜ் பேசினார். அதில் வடிவேலு நடித்த இசக்கி மாமன்னன் ஆனால் எப்படி இருக்கும் என்று யோசித்ததாகவும் சொன்னார். 1992இல் வாய் மூடி உட்கார்ந்திருந்த நம்மவர்களுக்கு முப்பது வருஷம் கழித்து ஒரு பதில் கிடைத்தது. அதே நடிகரின் முகத்தில்.

ஆனால் அந்தப் படம் நெட்பிளிக்ஸில் வந்த பிறகு நடந்ததை நாம் மறக்கக் கூடாது. வில்லன் ரத்னவேலுவாக வந்த பகத் பாசிலின் காட்சிகளை வெட்டி எடுத்து, சாதிப் பெருமைப் பாட்டைப் பின்னால் ஓட்டி, அவனையே நாயகனாக்கிப் போட்டார்கள். தியேட்டரில் முழுப் படத்தையும் நாலு விதமான ஆட்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது அதைச் செய்ய முடியாது. பக்கத்தில் இருப்பவரின் மௌனமாவது தட்டிக் கேட்கும். போனில் பார்ப்பவனைக் கேட்க யாரும் இல்லை. தன் தெரு விரும்புகிற பத்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்துத் தெருவுக்கே அனுப்பிவிடலாம். ஆகவே போனில் பார்ப்பதைத் தனியாகப் பார்ப்பது என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முழுத் தெருவும் அந்தக் கையகலத் திரைக்குள் இருக்கிறது.

அந்தக் காட்சிகள் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆகஸ்டில், 9ஆம் தேதி, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பிள்ளையையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். சினிமாவால் நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. தியேட்டரில் டார்ச் அடித்துச் சீட்டுக் காட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், எந்த வரிசையில் எந்தக் கயிறு என்று சொல்லுவார். இருட்டில் உட்காருவதற்கு முன்பே கையில் அடையாளம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நம் பையன்களும் கட்டுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதுவரை பேசியதெல்லாம் ஆண்கள் கதை என்று எங்கள் குழுவில் இருந்த இரண்டு பெண்களும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டார்கள். நியாயம். தென்காசி மாவட்டத்தில் பெண்களின் சினிமா பீடித்தட்டோடு சேர்ந்தது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, ரேடியோவில் பாட்டுக் கேட்டுப் படத்தைக் கற்பனையில் ஓட்டியவர்கள். கடையில் பீடியைக் கொடுத்துக் கூலி வாங்குகிற நாளில் அஞ்சாறு பேர் சேர்ந்து மாட்டினிக்குப் போவார்கள். தனி வரிசை, தனிப் பகுதி. ஆறு மணிக்குள் வீடு. தனியாக ஒருத்தி போனாள் என்றால் அதற்குப் படம் காரணம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

எங்களில் இளையவர் நர்சிங் முடித்தவர். 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' படத்துக்குத் தனியாகப் போனார். கவுண்டரில் "ஒண்ணுதானா? கூட யாரும் வரலியா?" என்று கேட்டார்கள். வரிசையின் ஓரத்தில் மிஞ்சிக் கிடந்த ஒற்றைச் சீட்டு கிடைத்தது. தனியாகப் போகிறவர்களுக்கு எப்போதும் அதுதான் கிடைக்கும். இடைவேளைக்குள் வீட்டிலிருந்து மூன்று போன். படம் மணத்தி கணேசன் அண்ணாச்சியின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். இந்தத் தங்கை சொன்ன விமர்சனம் இதுதான்: "கபடியில பாடிப் போறவன் தனியாத்தான் போகணும், அங்க ஏழு பேரு நிப்பாங்க, தொட்டுட்டுக் கோட்டுக்குத் திரும்பணும். அது எனக்குப் புரிஞ்சுச்சு. ஆனா நம்ம படங்கள்ல தனியாப் போறது எப்பவும் அண்ணன்தான். தங்கச்சி கோட்டுக்கு வெளிய நின்னு அழுதுகிட்டே பாக்கா."

இதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. 'நட்சத்திரம் நகர்கிறது' படத்தின் ரெனே உண்டு. தன் அறை, தன் முடிவு, தன் காதல் என்று இருப்பவள். அது 2022இல் வந்து நம் பக்கத்தில் சீக்கிரமே தியேட்டரை விட்டுப் போய்விட்டது. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' உண்டு. புதிரை வண்ணார் வீட்டுப் பெண்ணின் கதை. கண்ணில் படவே கூடாது என்று ஒதுக்கப்பட்டு, ஆள் வரும் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்ள வேண்டியவர்கள். பார்க்கக் கூடாதவர்களைப் பற்றி எடுத்த படம் நம் தியேட்டர் எதிலும் வரவில்லை. 2021இல் இணையத்தில்தான் வந்தது, நாமும் கையகலத் திரையில்தான் பார்த்தோம். 'சார்பட்டா பரம்பரை'யும் 'ஜெய் பீம்'மும்கூட அப்படித்தான் வந்தன. அருந்ததியர் வீட்டுக்குள் போய் எடுத்த படங்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். நம் இயக்குநர்களைக் கொண்டாடுகிற நாம் இதையும் அவர்களிடம் கேட்கவேண்டும். கேட்பவர்களை எதிரி என்று சொல்லும் பழக்கம் நம் இளைஞர்களிடம் வளர்ந்து வருகிறது. ரசிகர் மன்றப் பழக்கம் அது, இங்கே வேண்டாம்.

கூட்டமாகப் போகவே கூடாதா என்று கேட்கப்போகிறீர்கள். போங்கள். முதல் நாள் முதல் காட்சிக்குக் கூட்டமாகப் போய், தொண்டை கட்டுகிற வரை கத்துங்கள். நம் ஆள் எடுத்த படம் முதல் வாரம் தாண்டி ஓடுவதற்கு அந்தச் சத்தமும் வேண்டும். அதே படத்துக்கு அடுத்த வாரம் ஒருதடவை தனியாகப் போங்கள். வேலை நாளில், கூட்டம் குறைந்த காட்சிக்கு. திரையை மட்டும் பார்க்காமல் எந்த இடத்தில் யார் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் எல்லாரும் போனை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். இடைவேளையில் யாராவது எந்தத் தெரு என்று கேட்டால் என்ன சொன்னீர்கள், சொல்லும்போது குரல் எப்படி இருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குவதாகச் செயற்குழுவில் பேசியிருக்கிறோம். தனியாகப் படம் பார்த்துவிட்டு வருகிறவர் இரண்டு பக்கம் எழுதி வந்து வாசிக்கலாம். கதைச் சுருக்கம் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். தியேட்டரில் நடந்ததை எழுதுங்கள். பெண்கள் வாசிப்பது முதலில். டிக்கெட் செலவை மன்றம் ஏற்றுக்கொள்ளும், ஒருவருக்கு ஒரு டிக்கெட் வீதம். பொருளாளர் அங்கே உட்கார்ந்து தலையை ஆட்டுகிறார், ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. டிக்கெட்டின் பாதியைக் கசக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள், கணக்கில் ஒட்டவேண்டும்.